கைகள் நின்ற பிறகும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நீதிமன்றம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு. வீட்டு உரிமையாளர் கத்துகிறார், குடியிருப்பவருக்குக் காது கேட்காது, நடுவில் நான். அவர் வாயால் கத்தியதை எல்லாம் கையால் கத்தினேன். கெட்ட வார்த்தையையும் விடவில்லை. சைகை மொழிபெயர்ப்பில் அதுதான் சட்டம். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, சொந்தச் சரக்கைச் சேர்க்கவே கூடாது. குடியிருப்பவர் திருப்பிக் கொடுத்ததை நான் வாய்விட்டுச் சொன்னபோது நீதிபதி என்னை முறைத்தார். என்னை முறைத்து என்ன செய்ய? திட்டியது அந்த ஆள். வாய் மட்டும்தான் என்னுடையது.

மத்தியானம் ஏஜென்சி மேடம் போன் செய்தார். ஒரு சர்ச். அங்கே வழக்கமாக மொழிபெயர்க்கும் பெண் பிரசவத்துக்குப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போக முடியுமா? "உங்க நிலைமை தெரியும். மனசுக்கு ஒத்துவரலைன்னா வேற ஆளைப் பாக்கறேன்."

என் நிலைமை. எல்லாரும் அதை இப்படித்தான் சொல்கிறார்கள். பதினேழு வயது மகள் ரத்தப் புற்றுநோயில் செத்துப்போனாள் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. அடுத்த வீட்டு அம்மா மட்டும் தைரியமாக ஒன்று சொன்னார். கடவுள் தனக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வாராம். "அப்போ உங்க பிள்ளைங்களை அவருக்குப் பிடிக்கலையாக்கும்" என்றேன். அன்றிலிருந்து நான் இருக்கும் லிஃப்டில் அந்த அம்மா ஏறுவதில்லை. நிம்மதி.

சர்ச் வேலையை ஒத்துக்கொண்டேன். அங்கே எனக்கு என்ன பயம்? ஆள் இல்லாத வீடு அது. அதோடு, ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெத்தைக் கடைக்கு மேல்மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் மின்விசிறி, ஒரு கீபோர்டு. போதகர் என்னைவிடச் சின்னவர். மன்னிப்புக் கேட்பவர் மாதிரி கைகுலுக்குகிறார். முதல் வரிசையில் காது கேட்காத தம்பதி. கணவர் பெயின்டர். சட்டை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நகத்தில் மட்டும் பச்சை போகவில்லை. மனைவி ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேல் பூவும் பெயரும் போடுபவர். என்னைவிட மூத்தவர். கேக் அக்கா என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

பிரசங்கம் வந்தது, ஜெபம் வந்தது, எல்லாவற்றையும் கையில் எடுத்துக் கொடுத்தேன். இயேசு என்பதற்குச் சைகை இது: நடுவிரலால் ஒரு உள்ளங்கையைத் தொடவேண்டும், பிறகு மற்றதை. ஆணி இறங்கிய இடங்கள். எத்தனை தடவை தொட்டேனோ. பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகப் பாதுகாத்தீர், நன்றி நன்றி என்று எல்லாரும் கைதட்டிப் பாடுகிறார்கள். நான் அதைச் சைகையில் சொல்லவேண்டும். சொன்னேன். கை சொன்னது, நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒரு ஆமென்கூட எனக்காகப் பொய்யாகச் சொல்வதில்லை என்று அங்கேயே நின்றபடி முடிவு செய்தேன்.

முடிந்ததும் கேக் அக்கா நேரே என்னிடம் வந்தார். "கை சுத்தமா இருக்கு. முகம் எங்கே?"

சைகையில் பாதி முகம்தான். புருவம் ஏறாவிட்டால் கேள்வி கேள்வியே ஆகாது. "வீட்டிலயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றேன்.

"அடுத்த வாரம் எடுத்துட்டு வா. செத்த முகத்தைப் பாத்துக்கிட்டு நான் எப்படி ஜெபம் பண்றது?"

என்ன திமிர் அந்த அம்மாவுக்கு. எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

முகத்தை எடுத்துக்கொண்டு போனேன். நன்றிப் பாட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

போதகர் நாளைய வேதப்பகுதியை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார். தயார் செய்யாமல் எந்த மேடையிலும் நின்றதில்லை, எனவே படித்தேன். ஒரு வீட்டில் இரண்டு அக்கா தங்கைகள். தம்பிக்கு உடம்பு முடியவில்லை. குணமாக்கத் தெரிந்த நண்பருக்கு, அதாவது இயேசுவுக்கு, ஆள் அனுப்புகிறார்கள். நண்பர் வரவில்லை. எல்லாம் முடிந்து, புதைத்து, நாளும் ஆனபிறகு சாவகாசமாக வருகிறார். மூத்தவள் தெருவுக்கே ஓடிப்போய் மறித்துக் கேட்கிறாள், நீர் இங்கே இருந்திருந்தால் இவன் செத்திருக்கமாட்டானே என்று.

இதற்கு என்ன முகம் வைப்பது? பணிவா? குறையா? கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தேன். எந்த முகமும் சரிப்படவில்லை. கடைசியில் என் முகத்தையே வைத்தேன், பொருந்திவிட்டது.

பஸ் ஓட்டும் என் கணவர் டூட்டி முடிந்து வந்து, சாவியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "யாரைப் போட்டுத் திட்டற?"

"நான் இல்ல. கதையில வர்ற பொண்ணு."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மகள் போனதிலிருந்து அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அப்படியா.

பிறகு அந்த நண்பர் கல்லறைப் பக்கம் போய் அழுகிறாராம். வரவேண்டிய நேரத்தில் வராமல் இப்போது வந்து அழுதால்? அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தம்பியை எழுப்பிக் கொடுத்துவிட்டார், சரி. என் வீட்டில் யாரும் எழுந்து வரவில்லை. ஆனால் அந்த மூத்தவளை யாரும் சும்மா இரு என்று அடக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

மறித்துக் கேட்கும் இடத்தில் பெயின்டர் தொடையில் அடித்துக்கொண்டு தலையாட்டினார். கேக் அக்கா கடைசியில், "இப்போதான் வந்திருக்கே" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து அக்காவோடு காபி. வேலை இல்லாமல் இப்படி ஒருவரோடு கை பேசி எவ்வளவு நாள் ஆகிறது. என் அம்மா அப்பா இருவருக்கும் காது கேட்காது. அவர்கள் போன பிறகு வீட்டில் இந்த மொழி மகளோடு மட்டும்தான் இருந்தது. அவளும்—

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு யார் போனது?"

சொன்னேன். "பேர் என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டது சைகைப் பெயரை. கேட்காதவர்கள் நடுவில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று உண்டு, அந்த ஆளிடம் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கம் வந்தால் காதுமடலை இழுத்துக்கொள்வாள். அதையே அப்பா அவளுக்குப் பெயராக வைத்தார். செய்து காட்டினேன். அக்கா தன் காதுமடலை இழுத்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டிவிட்டது. அவர் ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. டிஷ்யூ பெட்டியை நகர்த்திவிட்டு, அடுத்த கேக்குக்கு ரோஜா போடப் போய்விட்டார்.

கிளம்பும்போது கேட்டேன், "உங்களுக்கு எப்படி நம்ப முடியுது?"

"அவர் பேரைப் பாரு. எங்க ஆளுங்க நினைச்சிருந்தா தாடி, கிரீடம், வெளிச்சம்னு எதையாவது வச்சிருக்கலாம். உடம்புல அடிபட்ட இடத்தைத்தான் பேரா வச்சாங்க. அடிபடாத ஆளா இருந்தா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடிபட்டவர் என்பதற்காக என் பெண்ணை விட்டுவிட்டதைச் சும்மா விடவேண்டுமா? ஆனால் பஸ்ஸில் வரும்போது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மே 6, செவ்வாய்

பெயின்டர் செத்துப்போய்விட்டார்.

மருத்துவமனையிலிருந்து ஏஜென்சிக்கு, ஏஜென்சியிலிருந்து எனக்கு. மகளைச் சேர்த்திருந்த அதே இடம், அதே பச்சை சுவர். வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே அக்கா பேக்கரி ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தார், அதனால் போனேன்.

டாக்டர் நல்லவர்தான். "அவர் நம்மை விட்டுப் போயிட்டார்" என்று ஆரம்பித்தார். அதை அப்படியே கையில் கொடுத்தால் எங்கே போனார், எந்த வார்டு என்றுதான் அக்கா கேட்பார். "நேரா சொல்லுங்க டாக்டர்" என்றேன். அவர் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். முதல் சொல் முடிவதற்குள் அக்கா பாய்ந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். பேசுகிறவன் வாயைப் பொத்துவது மாதிரி. அப்படியே பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடிக்கவே இல்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐயோ அக்கா.

மே 9, வெள்ளி

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் வரிசையில் நின்று, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார்கள். நான் கையில் சொல்லச் சொல்ல அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கேட்காதவர்கள் காதைப் பொத்துவது அப்படித்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. போன வருஷம் எனக்கு அந்த வசதி இல்லை.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்தச் சர்ச்சில் பிரசங்கத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம். அக்கா கையால் ஜெபித்தால் நான் வாயால் சொல்லவேண்டும். காலையிலேயே போதகர் என்னை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "அக்கா இன்னிக்கு ஜெபிக்கப் போறாங்களாம். புதுசா ஆளுங்க வந்திருக்காங்க. ஏதாவது கடுமையா வந்தா... கொஞ்சம் பதமா சொல்லிடுங்களேன்."

"பதமா வேணும்னா வேற ஆளைப் பாருங்க. என்கிட்ட அப்படியேதான் வரும்."

அக்கா எழுந்து முன்னால் வந்தார். பக்கத்தில் நான், அவர் கையைப் பார்த்தபடி. சைகையில் நீ, நீர் பேதமெல்லாம் கிடையாது. அந்த முகத்துக்கு எது பொருத்தமோ அதை எடுத்துக்கொண்டேன்.

"நான் உனக்கு நன்றி சொல்ல வரல. கேக்க வந்திருக்கேன். அவர் சாரத்துல நின்னு பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்தார். கட்டு அவிழுது, நகருன்னு கீழே இருந்து எல்லாரும் கத்தியிருக்காங்க. அவருக்குக் கேக்கல. கேக்காத ஆளா படைச்சது நீ. அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்குமே. எங்களை எப்படிக் கூப்பிடணும்னு உனக்குத் தெரியாதா? தோள்ல ஒரு தட்டு. அவ்வளவுதானே. ஏன் தட்டல?"

போதகர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஏன் தட்டல? நீ பக்கத்துல இருந்தேன்னா ஏன் தட்டல? நீ இருந்தேன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கறேன்."

அக்காவின் கைகள் கீழே இறங்கிவிட்டன. முடிந்துவிட்டது. அங்கே நானும் நிறுத்தியிருக்கவேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சொல் தவறியதில்லை. நிறுத்த முடியவில்லை. வாய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"என் பொண்ணு உன்னைக் கூப்பிட்டா. நான் சொல்லிக்கூடக் கொடுக்கல. பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மாகிட்ட உன் பேரைக் கத்துக்கிட்டு, ஊசி போட வரும்போதெல்லாம் கூப்பிட்டா. அம்மா நீயும் கூப்பிடுன்னா. நான் மாட்டேன்னேன். சரி, நான் கூப்பிடல. அவ கூப்பிட்டாளே. அவளுக்காவது வந்திருக்கலாமே. எங்கே போயிருந்தே?"

கீழே மெத்தைக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. அக்காவின் கைகள் இன்னும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, சொந்தச் சரக்கு கூடவே கூடாது. முழுச் சரக்கையும் இறக்கிவிட்டேன்.

ஓடிப்போகத்தான் திரும்பினேன். அக்கா தோளில் தட்டி, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பெயின்டருடைய நாற்காலி. உட்கார்ந்தேன். போதகர் ஏதாவது அழகாகச் சொல்லி முடித்துவைப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவரும் மேடைப் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். கூட்டம் கலையும் வரை யாரும் ஆமென் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். கேட்டார். வழக்கமான அப்படியா வரவில்லை.

"ஆள் இல்லாத வீடுன்னு சொன்னியே. அப்புறம் யாருகிட்ட அவ்வளவு நேரம் பேசினே?"

"தெரியல."

"நானும் காலி பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிட்டு வரும்போது சத்தமா திட்டறதுண்டு."

"யாரை?"

"முன்னாடி போற வண்டியைத்தான்னு வச்சுக்கோயேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

மே 21, புதன்

ஏஜென்சி மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். "கோர்ட்ல இப்படிச் செஞ்சிருந்தா உங்க வேலையே போயிருக்கும்" என்றார். தெரியும். அந்தச் சர்ச்சுக்கு வேறு ஆளை அனுப்பவும் தயார் என்றேன். அவர் என் முன்னாலேயே போதகருக்குப் போன் போட்டார். போதகர் புகார் எதுவும் இல்லை, அவரே வரட்டும் என்றாராம். பிறகு என்னிடம் பேசவேண்டும் என்றிருக்கிறார், மேடம் போனை நீட்டினார்.

"பதமா சொல்லுங்கன்னு நான் கேட்டிருக்கக்கூடாது. என் தங்கச்சி இறந்தப்போ நான் ஆண்டவர்கிட்ட ரொம்பப் பதமாத்தான் பேசினேன். அன்னிலேர்ந்து அவர்கிட்ட எனக்குச் சரியாப் பேச்சே வரல. ஞாயித்துக்கிழமை நீங்க பேசும்போதுதான் அது எனக்கே தெரிஞ்சது."

சின்னப் பையன் மாதிரி முகம் அவருக்கு. போனில் பேசியதால் பார்க்க முடியவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும்.

மே 25, ஞாயிறு

அக்கா கேட்டார், "பதில் வந்துச்சா?"

"இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல. விடறதா இல்ல. மறுபடியும் கேப்போம்."

ஜூன் 3, செவ்வாய்

பஸ் நிறுத்தத்தில் நின்று மனதுக்குள் கேட்டேன். வந்தது பஸ்தான்.

ஜூன் 12, வியாழன்

கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். ஏன் வரவில்லை என்பதை விட்டு, அவள் கூப்பிட்டபோது நீ எங்கே நின்றாய் என்று. சிலுவையில் தொங்கும்போது அவரும் ஏன் கைவிட்டீர் என்று கத்தினாராம், நேற்று தயாரிப்பில் வந்தது. அவருக்கும் பதில் வரவில்லை. அப்படியானால் அவர் நிற்பது பதில் சொல்லும் பக்கத்தில் இல்லையா? கேட்கிற பக்கத்தில், எங்களோடா? அந்தக் கட்டிலில், அவள் பக்கத்தில்?

கோபம் குறையவில்லை. ஆனால் தனியாகக் கோபப்படுவதாகத் தோன்றவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மருத்துவமனையில் வேலை. குழந்தைகள் வார்டு. காது கேட்காத ஒரு இளம் தாய், மகனுக்கு என் மகளுக்கு இருந்த அதே நோய். டாக்டர் வெளியே போனதும் அவள் என்னிடம் கேட்டாள், "கடவுள்னு ஒருத்தர் இருக்காரா?"

மொழிபெயர்க்க வந்தவள் கருத்துச் சொல்லக்கூடாது. அதுவும் சட்டம்தான். ஆனால் அந்தப் புருவம் அப்படி ஏறி நின்றது.

"இருக்கார். எனக்கும் அவருக்கும் சண்டை" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று. யோசிக்காமல் வந்த பதில். பொய் சொல்ல நேரமே இருக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வழக்கமாக மொழிபெயர்க்கும் பெண் தன் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். இன்றோடு என் வேலை முடிந்தது. போதகர் ஒரு பேனா பரிசு கொடுத்தார். எழுதாத பேனா. மனுஷனுக்குப் பொருள் வாங்கத் தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சேலையை எடுத்தேன். அவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். "வேலை முடிஞ்சிடுச்சுன்னியே?"

"முடிஞ்சிடுச்சு."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மெத்தைக் கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நான் மேலே வரல. இங்கேயே இருக்கேன்" என்றார். கடைக்காரர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்ததை மாடிப்படியிலிருந்து பார்த்தேன்.

மேலே மொழிபெயர்ப்புப் பெண் ஓடிவந்தாள், வேலையை யாராவது மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று பதற்றம். இல்லை, சும்மா வந்தேன் என்றேன். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நன்றிப் பாட்டு வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்காவும்தான்.

ஜெப நேரத்தில் எழுந்தேன். வாயால் பேசினால் அழுகை முந்திக்கொள்ளும், அதுவுமில்லாமல் நான் முதலில் பேசப் பழகியது கையால்தான். மொழிபெயர்ப்புப் பெண் தன் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் ஆரம்பித்தேன். என் பேச்சு அவள் குரலில் அந்தக் கூடத்தில் கேட்டது.

"உன் மேல இருக்கிற கோபம் எனக்குத் தீரல. தீர்ந்த மாதிரி நடிக்கவும் வரல."

அவள் தயங்கி என் முகத்தைப் பார்த்தாள். முழுசா சொல்லு என்றேன். சொன்னாள்.

"ஆனா என் பொண்ணு உன்கிட்டதான் இருக்கான்னு நம்பறேன். அதனால சில விஷயம் சொல்லணும். அவளுக்கு இருட்டுன்னா ஆகாது. காலையில சீக்கிரம் எழுப்பாதே, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. ஊசி போட்ட கை வலிக்கும், அந்தப் பக்கம் பிடிக்காதே. நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ."